வழக்கோடு வந்த பாடம்

மருத்துவம் படிக்கிறவர்கள் பேராசிரியருடன் வார்டுக்குப் போய், நோயாளியைப் பார்த்துத்தான் தொழில் கற்கிறார்கள். சட்ட மாணவர்களுக்கும் அப்படி ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயரே ‘கிளினிக்’தான்.

1991-ல் ஹைட்டியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உயிருக்குப் பயந்து படகேறியவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடுக்கடலில் மறித்து, குவான்டனாமோ கடற்படைத் தளத்தில் வைத்தது. அடைக்கலம் கேட்க நியாயம் இருக்கிறது என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்ட பலரும், எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி முகாமிலேயே அடைக்கப்பட்டார்கள்.

1992 மார்ச்சில், பேராசிரியர் ஹெரால்டு கோ வழிநடத்த, அவருடைய மாணவர்களும் சேர்ந்து அமெரிக்க அரசை எதிர்த்து வழக்கில் இறங்கினார்கள். ஆராய்ச்சியும் மனு எழுதுவதும் மாணவர்கள் வேலை. சரிபார்ப்பது அனுபவசாலிகள் பொறுப்பு. முகாமுக்கே போனபோதுதான் புத்தகத்தில் இல்லாத பாடம் கிடைத்தது. பலமுறை ஏமாந்த மனிதர்களிடம் சட்டம் பேசுவதற்கு முன், நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. 1993 தொடக்கத்தில் அந்த அகதிகள் உண்ணாவிரதமே இருந்தார்கள்.

1993 ஜூனில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. முகாமில் இருந்தவர்களை விடுவிக்கும்படி நியூயார்க் நீதிபதி உத்தரவிட்டார். அதே மாதம், நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்புவது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஒன்றில் வெற்றி, மற்றதில் தோல்வி.

பரீட்சையில் தப்பாக எழுதினால் மார்க்தான் போகும். இங்கே தப்பு செய்தால் போவது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை. அந்தப் பயத்தோடு படித்த சட்டம் ஆயுசுக்கும் மறக்காது.