சாம்பலில் காலடிகள்

கொலையும் களவும் நிறைந்த கதைகளைக் கத்தோலிக்கர் வாசிக்கலாமா என்னும் கேள்வி பங்குகளில் அவ்வப்போது எழுவதுண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் வாசிக்கிறவர்கள் அல்லர், வாசிக்கிறவரின் வீட்டார். நம் பங்கைச் சேர்ந்த 82 வயதுப் பெரியவர் ஒருவரைக் குறித்து அவருடைய மருமகள் ஒருநாள் நம்மிடம் முறையிட்டார்: "செபமாலை சொல்ல வேண்டிய வயதில் மாமாவின் தலையணைக்கடியில் கொலைக்கதை கிடக்கிறது. சாமி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது பார்த்தோம். செபமாலையும் அதே தலையணைக்கடியில்தான் கிடந்தது.

பெரியவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பள்ளி நாளில் 'கல்கண்டு' இதழில் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பின்தொடரத் தொடங்கியவர், 1968இல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' தொடராக வந்தபோது வாரந்தோறும் 'குமுத'த்துக்காகக் கடை வாசலில் நின்றவர். பின்னர் ராஜேஷ்குமாரின் மாத நாவல்களை ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் வாங்கி வாங்கிச் சேர்த்தவர். அவருடைய கட்டிலின் கீழ் இரண்டு சாக்கு நிறைய அவை இருந்தன. மனைவியார் மறைந்த ஆண்டில் இரவுகளைக் கழிக்க அவையே துணையாயின என்று ஒருமுறை சொன்னார்.

'ஒரு வார்த்தை சொல்ல' நமக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. துப்பறியும் கதை உலகில் நம் திருச்சபைக்கு உள்ள பங்கு சிறிதன்று. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றவர். செஸ்டர்ட்டனின் தந்தை பிரவுன் கதைகளின் முதல் தொகுதி 1911இல் வந்தது. ஆசிரியர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததோ 1922இல்தான். தம் கதைகளில் உலவும் குருவானவரைப் பின்தொடர்ந்தே அவர் வந்து சேர்ந்தார் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இலத்தீன் வுல்காத்தாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ரோனால்ட் நாக்ஸ் என்னும் குருவானவர் 1929இல் துப்பறியும் கதைக்கென்றே பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது.

இவற்றைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "நம் ஊரிலும் சாமியார்தானே துப்பறிந்தார்!" என்றார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரைச் சொல்கிறார். 1950இல் வந்த அந்தத் திரைப்படத்தில் நம்பியார் போட்ட வேடங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நமக்கோ அடுத்த வீட்டில் ஒரு நோயாளி காத்திருந்தார்.

அடுத்த மாதம் தானியேல் நூலின் பதின்மூன்றாம், பதினான்காம் அதிகாரங்களை அவருக்கு வாசித்துக் காட்டினோம். சூசன்னாவின் மேல் பழி சுமத்திய முதியோர் இருவரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று வினவுகிறார். ஒருவன் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவன் வேறொன்றைச் சொல்ல, மாசற்றவள் பிழைக்கிறாள். தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று ஆண்டுதோறும் திருப்பலியில் வாசிக்கப்படும் பகுதிதான் இது. ஆனால் பெரியவர் மகிழ்ந்தது அடுத்த அதிகாரத்துக்கு. பேல் தெய்வம் இரவில் படையலை உண்பதாக அரசன் நம்புகிறான். தானியேல் கோவில் தரையில் சாம்பலைத் தூவிக் கதவுக்கு முத்திரையிடச் செய்கிறார். விடிந்ததும் சாம்பலில் ஆண், பெண், குழந்தைகளின் காலடிகள்! பேலின் குருக்கள் எழுபது பேரும் குடும்பத்தோடு மறைவழியாய் வந்து உண்டிருக்கிறார்கள். பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கடைசியில் திருடியது குருக்கள்தானா, சாமி!"

அந்தக் கண்கள் மங்கிக்கொண்டிருந்தன. கண்புரையை அறுவை செய்து அகற்றிவிட்டார்கள். ஆனால் கண்ணின் உள்ளழுத்த நோய் நரம்பைத் தின்றுவிட்டது. நரம்பில் போன பார்வை திரும்பாது. எழுத்துகள் எறும்புகளாகி, பின்னர் வெறும் கறைகளாயின. மேனிலைப் பள்ளியில் படிக்கும் பேரன் மனம் வந்தபோது பத்துப் பக்கம் வாசிப்பான்; கடைசி அத்தியாயத்துக்கு முன் தாத்தா கொலைகாரனைச் சொல்லிவிடுவதால் அவனுக்கு எரிச்சல்.

இனி எழுதப்போவது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. திண்ணையில் கேட்டது, எழுத அனுமதி தந்தவரும் அவரே, ஊர்ப்பெயர் கூடாதென்னும் ஒரே நிபந்தனையோடு.

வீட்டுப் பீரோவிலிருந்து 2,000 ரூபாய் காணாமற்போயிற்று. பாத்திரம் துலக்க வரும் கைம்பெண்மேல் ஐயம் விழுந்தது. அவரும் நம் பங்கைச் சேர்ந்தவரே. "நாளை முதல் வர வேண்டாம்" என்றார்கள். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டாராம். பேசாததே குற்றத்துக்குச் சான்று என்றும் சொல்லப்பட்டது; நம் வீடுகளில் இது வழக்கமான தருக்கம்.

பெரியவருக்கு உண்மை தெரியும். கண் மங்கியவருக்குக் காலடிகள்தாம் தடயம். அப்பெண் வருவது காலையில். பீரோவின் இடக்கதவு முனகியது மாலையில். அதற்கு முன்னும் பின்னும் கேட்டவை ஒரு காலை இலேசாக இழுத்து வைக்கும் நடையின் ஒலிகள். கபடியில் கணுக்கால் சுளுக்கியிருந்தவன் அவ்வீட்டில் ஒருவன்தான்.

சங்கர்லாலாக இருந்திருந்தால் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துத் தேநீர் அருந்தியபடியே விளக்கியிருப்பார். தாத்தாவோ மருமகளை அழைத்து, "பணத்தை நான்தான் எடுத்தேன், அம்மா. பழைய புத்தகக் கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது" என்றார். மருமகள் தயங்காமல் நம்பினார். புத்தகப் பைத்தியம் எதையும் செய்யும் அல்லவா? வேலைக்காரம்மாவிடம் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள். அன்று பிற்பகலே இரண்டு சாக்குகளும் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறின. வெற்றாகிய கட்டிலடியைப் பெருக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்ததாகப் பெரியவர் சொன்னார்.

நான்காம் நாள் இரவு பேரன் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். நண்பனின் கைப்பேசியை உடைத்துவிட்டு ஈடு கட்ட வழியின்றித் தவித்திருக்கிறான். அப்புறம் அவ்வீட்டில் அழுதவர் யார், அழாதவர் யார் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம்.

பெரியவர் நம்மிடம் கேட்டது வேறு. "நான் சொன்னது பொய்தானே, சாமி? பாவமா?"

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. பொய்யைக் குறித்துப் புனித அகுஸ்தீனார் இரண்டு நூல்கள் எழுதினார். நன்மைக்காகச் சொல்லும் பொய்க்கும் அவர் விலக்கு அளிக்கவில்லை; அதன் கனம் குறைவு என்று மட்டும் ஒப்புக்கொண்டார். உள்ளதை அப்படியே சொன்னோம். குறைத்துச் சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

சற்று நேரம் யோசித்தவர், "அவருக்குப் பேரன் உண்டா?" என்றார்.

"பேரன் இல்லை. ஒரு மகன், அதியோதாத்துஸ் என்று பெயர். இளமையிலேயே இறந்துபோனான்."

"இந்த நூல்களை எழுதியது மகன் போன பின்னா, முன்னா?"

"பின்னர்தான், இரண்டுமே."

பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாவம்" என்றார். நாம் கேட்டதற்கு விடையா, அகுஸ்தீனார்மேல் இரக்கமா என்று நாம் வினவவில்லை.

பேரன் இப்போது நாள் தவறாமல் வாசிக்கிறான். கைச்செலவுக் காசில் நடைபாதைக் கடையிலிருந்து ஐந்தாறு பழைய நாவல்களும் வாங்கி வந்திருக்கிறான். அவற்றுள் ஒன்றில் கடைசிப் பதினாறு பக்கங்களைக் காணோம். கொலைகாரன் கணக்குப்பிள்ளை என்கிறார் தாத்தா. கொலையுண்டவரின் தம்பி என்று சாதிக்கிறான் பேரன். சென்ற வெள்ளியன்று நம்மையும் கேட்டார்கள். வைத்தியர்மேல்தான் நமக்கு ஐயம் என்றோம். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். வைத்தியர் மூன்றாம் அத்தியாயத்திலேயே இறந்துவிட்டாராம்.