மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து

ஆழிப்பேரலை அடித்து ஆறு மாதங்கள் கழித்து, 2005இன் நடுப்பகுதியில், திருகோணமலை - நிலாவெளி வீதியிலுள்ள சாம்பல்தீவுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். கொடையாளர் தந்த ஒரே வரைபடத்தின்படி, 500 சதுர அடி வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் மட்டும் வேலை நின்றிருந்தது. முதிய மேசன் ஒருவர் மணலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"மனைக்கணக்கு, தம்பி. சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க வேணும். மீதி ஒற்றையாய் வந்தால்தான் குடியிருக்கலாம்."

சிற்பநூல்கள் ஆயாதி என்று கூறும் பொருத்தங்களுள் இது ஒன்று. மூடநம்பிக்கை என்றே அன்று நினைத்தேன். இரவு விடுதியில் எழுதிப் பார்த்தபோதுதான் சூட்சுமம் பிடிபட்டது. பத்துக்கு ஒன்பது கோல் என்றால் சுற்றளவு 38, மீதி இரண்டு. பக்கங்கள் முழு எண்களாக இருக்கும்வரை சுற்றளவு இரட்டைப்படைதான், மீதியும் அப்படியே. ஆகவே எந்த வீடும் தேறாது! ஒன்பதை ஒன்பதரை ஆக்கினால் 39, மீதி ஐந்து. இந்த விதி அளவைத் தருவதில்லை, அளவை அசைக்கச் சொல்கிறது. ஓர் அளவை மாற்றினால் மற்றவையும் இசைந்து மாறும்படி இன்று கணினியில் வரைகிறார்களே, இத்தாலியரான லூயிஜி மொரெற்றி 1940களிலேயே 'பராமெட்ரிக் கட்டடக்கலை' என்று பெயர் சூட்டியது, அதற்கு இது தூரத்து உறவு.

அரைக் கோல் கூட்ட மேற்பார்வையாளர் சம்மதிக்கவில்லை. மேசன் வாதாடவில்லை. வரைபடத்தின் சுவரைத் தொடாமல், முன்னால் இரண்டரைக் கோலில் விறாந்தை இறக்கினார். பத்து பன்னிரண்டரையாயிற்று, சுற்றளவு 43, மீதி ஒன்று. இரண்டு விதிகளும் பிழைத்தன.

அசைக்க முடியாத எண் வேறொன்று இருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். அதை ஆதரித்து எழுதியவர்களில் நானும் ஒருவன். இந்த வீட்டுக்கார அம்மாவின் பழைய வளவு கரையிலிருந்து ஏறக்குறைய 180 மீற்றரில், மணல்மேட்டின் மேல் இருந்தது. அங்கே தண்ணீர் முழங்காலளவுதான் ஏறியதாம். மகனின் வள்ளம் இன்னும் அந்தக் கரையில்தான் நின்றது. மேடா பள்ளமா என்று அந்த எண் கேட்கவில்லை; எழுதிய நானும் கேட்கவில்லை.

"அந்த இருநூறு எதை எதனால் பெருக்கி வந்தது, தம்பி?" என்றார் மேசன்.

குறிப்பேட்டை மூடிக்கொண்டேன்.

பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் அந்த அம்மா விறாந்தை வீட்டில் பால் காய்ச்சிவிட்டிருந்தார்.