மிதிவண்டியும் இரண்டு அமானிதங்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

நெய்வேலி நகரியம் மிதிவண்டிக்கு ஏற்ற ஊர். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதை அடுத்துத் திட்டமிட்டு எழுப்பப்பட்டதால், வட்டம் வட்டமாகப் பிரிந்து, நேரான சாலைகளும் மரநிழலும் கொண்டு விளங்குகிறது. இங்கே எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தப் பொது மிதிவண்டிகள் சிலவற்றை வாங்கி வைக்கலாமே என்று நண்பர்களிடையே ஒருநாள் பேச்சு எழுந்தது. "காணாமற்போனால் என்ன செய்வது?" என்றார் ஒருவர். "ஜிபிஎஸ் பொருத்திவிடுவோம்" என்றார் மற்றவர். உடனே ஒரு தந்தை கேட்டார்: "அப்படியானால் என் மகள் எங்கெங்கே போகிறாள் என்று நானும் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?" அந்தக் கேள்வி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

முதலில் வண்டியின் காவலைப் பார்ப்போம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி அறிவுறுத்தியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆகவே பொதுப்பொருளுக்குப் பூட்டு வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1965இல் ஆம்ஸ்டர்டாமில் இளைஞர்கள் சிலர் வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டிகளைப் பூட்டாமல் தெருவில் விட்டனர். பூட்டாத வண்டிகள் என்று கூறிக் காவல்துறை அவற்றைக் கைப்பற்றியது. 1995இல் கோபன்ஹேகனில் நாணயம் இட்டு வண்டி எடுக்கும் முறை வந்தது. எடுத்தவர் யார் என்று தெரியாததால் பல வண்டிகள் திரும்பவில்லை. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரப் பல்கலைக்கழகத்தில் காந்த அட்டை புகுந்தது. வண்டியோடு ஆளையும் பதிவுசெய்யும் வழக்கம் அதன்பின் பரவியது.

இன்றைய பூட்டிலோ ஜிபிஎஸ் கருவியும் சிம் அட்டையும் இருக்கின்றன. கைப்பேசியால் குறியீட்டைப் படம்பிடித்தால் பூட்டுத் திறக்கிறது. அந்த நொடி முதல் இன்னார், இந்த நேரத்தில், இந்தத் தெருவில் என்று பதிவு தொடர்கிறது. நம் ஊர்ச் சைக்கிள் ஸ்டாண்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டோக்கன் வண்டியில், அதே எண்ணுள்ள மற்றொன்று நம் கையில். வண்டி பத்திரமாக இருக்கும். நாம் எங்கே போய் வந்தோம் என்பதைக் காவலர் கேட்பதில்லை. காவலுக்கும் உளவுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு இதுவே.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன நேரும்? இலண்டன் பொது மிதிவண்டிகளின் பயணத் தரவு பொதுவெளியில் வெளியிடப்பட்டபோது அதில் பெயர்கள் இல்லை. ஆனால் பயனாளர் எண்கள் இருந்தன. அவற்றைக் கொண்டே ஒருவருடைய அன்றாடப் போக்குவரத்தைக் கோத்துவிடலாம் என்று 2014இல் ஒருவர் காட்டினார். நமக்கு இது தொலைவான செய்தி அன்று. ஃபஜ்ருக்கு முன் புறப்பட்டுப் பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் வண்டியின் பதிவு, பெயரே இல்லாவிடினும், ஏறியவர் யார் என்பதைச் சொல்லிவிடும். தொழுகை நேரம் காட்டும் பெயர்பெற்ற செயலி ஒன்றிலிருந்து பயனாளர்களின் இருப்பிடத் தகவல் தரவு வணிகரிடம் சென்றது 2020இல் வெளிவந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் ஒருவர் மற்றவரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. இரவில் சுவரேறி ஒருவரின் தவறைக் கண்ட உமர் (ரலி) அவர்களிடம், "நான் ஒரு பிழை செய்தேன், தாங்களோ துருவிப் பார்த்தீர்கள், வாயில் வழியே வரவில்லை, அனுமதியும் கேட்கவில்லை" என்ற பொருள்பட அவர் பதிலுரைத்ததும், கலீஃபா அதை ஏற்று விலகியதும் நூல்களில் சொல்லப்படுகின்றன. ஆட்சியாளருக்கே அந்த எல்லை என்றால், மிதிவண்டிக் குழுவுக்கு எவ்வளவு எல்லை வேண்டும்!

அந்தத் தந்தைக்கு நான் சொன்ன விடை இதுதான்: மகளின் பாதுகாப்பில் உங்களுக்கு அக்கறை இருப்பது நியாயம்; அதை அவளிடம் பேசி, அவள் அறிய ஏற்பாடு செய்யுங்கள். வண்டிக்காக வாங்கிய கருவியை அவள் அறியாமல் அவள்மீது திருப்புவது அக்கறை ஆகாது. நாளை வேறொருவரும் அதே திரையில் அவளைப் பார்க்கக்கூடும்.

மிதிவண்டியை எடுப்பவரிடம் ஓர் அமானிதம் ஒப்படைக்கப்படுகிறது. அவரது பயணத் தடம் நடத்துபவரிடம் மற்றோர் அமானிதமாகச் சேர்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் கட்டளை இரண்டுக்கும் பொருந்தும். எனவே வண்டி நிலையத்தில் இருக்கும்போதும், உரிய நேரத்தில் திரும்பாதபோதும் மட்டும் இடத்தைக் காட்டும்படி அமைக்கலாம். திரும்பியதும் தடத்தை அழித்துவிடலாம். யார் யார் பார்க்க முடியும் என்பதை நிலையத்திலேயே எழுதி வைக்கலாம். 2017இல் மைசூரில் தொடங்கிய 'டிரின் டிரின்' திட்டத்தில் அட்டையைக் காட்டி ஒரு நிலையத்தில் எடுத்து, மற்றொரு நிலையத்தில் விட்டார்கள். எடுத்த இடமும் விட்ட இடமும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். இடைப்பட்ட வழி பயணிக்குரியது.

வண்டியைக் கெடுக்காமல் திருப்பித் தரச் செய்வது, அல்லாஹ் நம்மைப் பார்க்கிறான் என்னும் உணர்வே. அதைப் பிள்ளைகளின் உள்ளத்தில் வளர்க்கும் பொறுப்பைக் கருவியிடம் விட்டுவிட முடியாது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளையும், பிறருடைய மறைவையும் பேணிக் காக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.