ரேடியோ நெல்

திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் ஒரு மாடிவீடு. வேளாண்மை ஆய்வு மாணவி ஒருத்தி, மறுநாள் உழவர் கூட்டத்தில் ஆற்றவிருக்கும் உரையைத் தன் தாத்தாவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தஞ்சைத் தரணியில் ஐம்பது ஆண்டுகள் ஏர் பிடித்துவிட்டு, முதுமையில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று அவள் சொன்னதும் கையை உயர்த்தினார்.

"மாவுக்கு எத்தனை கலம் அம்மா?"

அவளிடம் விடை இல்லை.

முதியவரின் இளமைக்காலத்தில் அந்த விடை வானொலியில் வந்தது. 1939இல் தொடங்கப்பட்டது திருச்சி வானொலி நிலையம். 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஒரு புதிய குறுவை நெல்லைத் தந்தது. ஜப்பானிய நெல்லான நோரின் 10ஐ நம் ஜி.இ.பி. 24உடன் இணைத்துப் பெற்ற ஆடுதுறை 27 அது. வயது ஏறத்தாழ 105 நாள். ஜூன் நடுவில் விதைத்தால் ஐப்பசி மழைக்கு முன் அறுத்துவிடலாம். பின்னர் தாளடியும் நடலாம். திருச்சி நிலையம் இந்நெல்லைப் பற்றி விடாது பேசியது. ஊர்கள்தோறும் அது பரவியது. ஆய்வாளர் இட்ட எண்ணை உழவர்கள் நாவில் வைத்துக்கொள்ளவில்லை. 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். அறிவியல் எந்த வழியாக வந்ததோ அந்த வழியின் பெயரையே பயிருக்கு இட்டுவிட்டனர்!

நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரஸை மணிச்சத்து என்றும், பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்றும் வழங்கினர். இலை தழைக்க ஒன்று, கதிர்மணி திரள ஒன்று; அடுப்புச் சாம்பலில் இருப்பது மற்றொன்று. மணிச்சத்து வேருக்கும் வேண்டும் என்பதை அப்பெயர் சொல்வதில்லைதான். ஆயினும் வேதியியல் அறியாத ஒருவர் அதைக் கேட்டவுடன் தம் வயலை நினைத்துக்கொள்வார்.

சொல் எளிதாகிவிட்டால் போதுமா? சோதனை வயலில் ஒரு விதை பொய்த்தால் ஆய்வாளரின் குறிப்பேட்டில் ஒரு வரி கூடும். உழவர் வயலில் பொய்த்தால் அவ்வீட்டின் ஓராண்டுச் சோறு போகும். ஆதலால் கேட்பவர் ஐயுறுவது அறியாமை அன்று. அவர் பணயம் வைப்பது பெரிது.

அன்றிரவு பேத்தி தாளை எடுத்துக் கணக்கிட்டாள். மூன்று மா ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ ஏழரை மா. கிலோவைக் கலமாக்கத் தாத்தாவே துணைநின்றார். உரையை மீண்டும் படித்தாள். முதியவர் தலையசைத்துவிட்டு, அடுத்த கேள்வியைத் தொடுத்தார்.

"அறுப்பு நேரத்தில் மூன்று நாள் மழை பிடித்தால் இந்த நெல் தாங்குமா?"

"அதை நாங்கள் இன்னும் சோதிக்கவில்லை தாத்தா."

"அப்படியானால் அதையும் நாளைக்குச் சொல்லிவிடு."

அவள் பேனாவைத் திறந்து, உரையின் முதல் பக்கத்திலேயே அந்த வரியை எழுதினாள்.