அப்பா அடைத்த துளைகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எனக்கு வேலை கூடிவிடும். எந்தச் சாலையில் தண்ணீர், எங்கே மரம் சாய்ந்தது, எந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை என்று காலை ஆறு மணியிலிருந்து ஒலிவாங்கி முன்னால் சொல்லிக்கொண்டே இருப்பேன். "வீட்டைச் சுற்றியுள்ள கால்வாய்களைச் சுத்தமாக வைத்திருங்கள் நேயர்களே" என்பதை இந்த மழைக்கு எத்தனை முறை சொன்னேனோ, கணக்கில்லை. சொன்னவள் எங்கள் வீட்டு லோங்காங்கை எட்டிப் பார்த்தது பிப்ரவரியில்தான். (வானொலியில் கால்வாய், வீட்டில் லோங்காங்.)

அப்பா அம்மா இருப்பது சிரம்பானில், மேட்டை வெட்டிக் கட்டிய தாமானின் கடைசி வரிசையில். வீட்டுக்குப் பின்னால் ஆளுயரத் தடுப்புச் சுவர், அதற்கு மேல் மண்மேடு. அன்று கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போனேன். நடைபாதைக் கல் இரண்டு மிதித்ததும் ஆடின. அடியில் இருந்த மணலை மழை கொண்டுபோயிருந்தது. அது சின்ன வேலை, மணல் போட்டு இடித்து மறுபடி பதித்தால் போதும். நிமிர்ந்து சுவரைப் பார்த்ததும்தான் கறிவேப்பிலை மறந்துபோனது. நடுவில் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. கோணலாக ஒரு விரிசல். பத்து சென் காசை வைத்துப் பார்த்தேன், நுழைந்தது.

சுவரின் அடியில் வரிசையாக பிவிசி குழாய் வாய்கள் இருக்கும். ஏழையும் காணவில்லை. சிமெண்ட் பூசியிருந்தது.

"நான்தான் போன வருசம் அடைச்சேன். பூரான் வருது, சேறு ஒழுகுது. உங்கம்மா தினம் கழுவுறா" என்றார் அப்பா. குழாய் மாற்றக்கூட ஆள் கூப்பிடாதவர். பூச்சும் நேர்த்தியாகத்தான் இருந்தது.

அந்தத் துளைகள் எதற்கு என்று ஒருமுறை எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த பொறியாளர் விளக்கியிருக்கிறார். அன்று தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். மேட்டு மண்ணில் இறங்கும் மழைநீர் சுவரின் முதுகில் வந்து தேங்கும். வெளியே போக வழியில்லை என்றால் சுவரைத் தள்ளும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர், தண்ணீரையும் சேர்த்துத் தாங்காது. 1993 டிசம்பர் 11-இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். அங்கேயும் பின்னால் இருந்த சரிவில் வடிகாலும் தடுப்புச் சுவர்களும்தான் பிரச்சினை. எங்கள் ஆளுயரச் சுவரை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் அம்மா துணி காயப்போடுவது இந்தச் சுவருக்குக் கீழே.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "ரேடியோவுல பேசுற மாதிரி எங்கிட்டப் பேசாத" என்று உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் துணிக் கொடியை முன்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு கோலாலம்பூர் திரும்பினேன்.

சீனப் பெருநாள் முடிந்துதான் கான்ட்ரக்டர் கிடைத்தார். விரிசலைப் பூசித் தரச் சொல்வோம் என்பது அண்ணனின் யோசனை. "பூசினா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முதல்ல தண்ணி வெளிய வரணும்" என்று அவர் உளியை எடுத்தார். முதல் துளை உடைந்ததும் செம்மண் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மழை நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. சமையலறை வாசலில் நின்று பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

வயிறு தள்ளிய பகுதியைப் பிரித்து, பின்னால் ஜல்லி நிரப்பிக் கட்ட வேண்டுமாம். அதற்கு முன் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். ஏப்ரலில் மாலை இடிமழை வலுப்பதற்குள் முடித்தாக வேண்டும். செலவை அண்ணனும் நானும் பாதி பாதி ஏற்கிறோம்.

பூரானுக்கு அப்பாவே வழி கண்டுபிடித்தார். கம்பி வலையை வட்டமாக வெட்டி ஒவ்வொரு குழாய் வாயிலும் மாட்டிக் கொடுக்கும்படி கான்ட்ரக்டரிடம் நீட்டினாராம்.

போன சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அப்பாவின் அழைப்பு.

"ராத்திரி மழைம்மா. ஆறு குழாயில தண்ணி வந்துச்சு. ஒண்ணுல வரல. கம்பி விட்டுப் பாக்கவா?"

"கிட்டப் போகாதீங்கப்பா. நான் வர்றேன்."

"சரி, வா. வரும்போது நீளமா ஒரு கம்பி வாங்கிட்டு வா."