வேலை வைத்துக்கொள்ளாமல் நடங்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போன ஊரில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் நாலு தெரு நடங்கள்.

நயாகராவையும் 553 மீட்டர் உயர சி.என். டவரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் லீவு போட்டு ஆசையாக அழைக்கிறார்கள், போய் வாருங்கள். அதெல்லாம் சில நாளில் முடிந்துவிடும். பெற்றோருக்காக கனடா 2011 டிசம்பரில் கொண்டுவந்த சூப்பர் விசாவில் இப்போது ஒருமுறை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். மகளும் மருமகனும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு என்று போனபின், ஜன்னலும் டிவியுமே கதி என்று உட்கார்ந்தால் மனசு சுருங்கிப்போகும்.

டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில் இருக்கும் டோர்செட் பார்க் என்ற குடியிருப்பை யாரும் சுற்றுலாவுக்குச் சொல்லமாட்டார்கள். கென்னடி, எல்ஸ்மியர், லாரன்ஸ் என்று பெரிய சாலைகள் நேராக ஓடும். அவற்றுக்கு உள்ளே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த ஒற்றைத்தள வீடுகளும் வளைந்து போகும் தெருக்களும். வழி தவறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். சுற்றிச் சுற்றிப் போனாலும் ஏதாவது ஒரு பெரிய சாலைக்கு வந்துவிடலாம். அங்கே பஸ் உண்டு.

மகள் வீட்டிலிருந்து நான் அங்கே நடந்தது ஏப்ரல் மாதம். பார்க்கிங் ஓரம் குவித்த பனி, உப்பும் மண்ணும் கலந்து கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. புல்வெளியில் ராபின் பறவை மண்புழுவை இழுத்தது. ஒரு வீட்டு வாசலில் ஈழத்து அம்மா ஒருவர், குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைத் தொட்டியை வெயிலுக்குத் தூக்கி வைத்தார். சாயங்காலம் மறுபடி உள்ளே எடுத்துவிடுவாராம். ஜன்னலோரம் மிளகாய், கத்தரி நாற்றுகள். எப்போது நடுவீர்கள் என்று கேட்டேன்.

"விக்டோரியா டே கழியட்டும் ஐயா. அதுக்கு முந்தி நிலத்திலை வைச்சா குளிர் கருக்கிப்போடும்."

மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை வரும் விடுமுறை அது. அதுவரை இரவில் உறைபனி விழலாம் என்பது இங்கே தோட்டம் போடுகிறவர்களின் கணக்கு.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் இதைச் சொன்னேன். அவள் தன் முதல் குளிர்காலத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்: விடியுமுன் பஸ்ஸுக்கு நின்றது, விரல் மரத்துப்போனது. இத்தனை வருஷமாக போனில் "நல்லா இருக்கோம்ப்பா" என்பதோடு நிறுத்தியவள்.

பிள்ளைகளின் வாழ்க்கையை நேராகக் கேட்டால் பதில் சுருக்கமாகத்தான் வரும், நம்மைக் கலங்கவைக்கக் கூடாதென்று. அவர்கள் நடந்த தெருவில் நாமும் நடந்துவிட்டு வந்து பேசினால் பேச்சு தானாக நீளும்.

ஆகவே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். பால் வாங்குவது, கணக்குப் பார்த்து நடப்பது எதுவும் வேண்டாம். சும்மா நடந்துவிட்டு வந்து, பார்த்ததைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.