வக்கீலம்மா நடத்திய வகுப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ஒரு வாசகம் சின்ன வயதிலேயே மனப்பாடம். 'நுல் நே சான்சே இஞோரே லா லுவா.' சட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க யாருக்கும் இடமில்லை என்று பொருள். அந்த வயதில் எங்களுக்குப் புரிந்ததெல்லாம், வீட்டுப்பாடம் செய்யாமல் போய் 'தெரியாது முசியே' என்று நின்றால் செல்லாது என்பதுதான்.

பிறகு அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் தபால் பதிவேடும் கோப்புகளுமாகக் காலம் போனது. சட்டம் எப்படி ஊருக்குள் நடந்து வருகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். தலைமையிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும். இன்வர்டில் எண் போடுவோம். ஒவ்வொரு மேஜையாகச் சுற்றி வரும். எல்லோரும் ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார்கள். 'பார்த்தேன்' என்பதற்கு அத்தாட்சி அது. படித்தேன் என்பதற்கு அத்தாட்சி எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. கடைசியில் கோப்பில் சேர்ந்துவிடும். சட்டம் ஊருக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்று கணக்கு.

இந்தப் பழைய ஞாபகமெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் கொடைக்கானலில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்தேன். நான் இப்போது இருப்பது கூக்காலில், மகள் வீட்டில். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். கூடவே ஏரிக்குப் போகிற வழியில் சுற்றுலா வருகிறவர்கள் தங்க நாலு அறை. லாட்ஜ், ஓட்டல், பண்ணை விடுதி நடத்துகிறவர்களுக்காக மதுரையிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்து தொழிலாளர் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறார் என்று மாப்பிள்ளைக்குத் தகவல் வந்தது. "மாமா, நீங்களும் வாங்க. எனக்கு இந்த ஃபாரம், ரிஜிஸ்டர் எல்லாம் தலையில ஏறாது" என்றார். பழைய குதிரைக்கு லாடத்தின் சத்தம் கேட்டால் போதாதா? கிளம்பிவிட்டேன்.

இந்த மாதிரி வகுப்புகளுக்கு இப்போது மவுசு அதிகம். 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்ததும் முதலாளிமார்களுக்கு ஒரு கலக்கம். எதை மாற்றுவது, எதை விடுவது என்று தெரியவில்லை.

வக்கீலம்மா நல்ல கெட்டிக்காரர். பிரிவு எண்களைச் சொல்லிப் பயமுறுத்தாமல், 'திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் என்ன செய்ய வேண்டும்' என்று ஆரம்பித்தார். வேலைக்குச் சேர்க்கும்போது நியமனக் கடிதம் கொடுங்கள். சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்தாலும் கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள் என்றார். அது தயவில்லை, தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டமாகிவிட்டது. கேரளத்தில் அதற்கும் முன்பே, 2018-ல். மிட்டாய்க்கடையிலும் துணிக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். எத்தனை கடையில் ஸ்டூலைப் பார்த்திருக்கிறோம்?

அதிக நேரம் எடுத்துக்கொண்டது வேலை இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய சட்டம். இதன் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற பெண் அரசாங்கத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் அவருக்குக் கொடுமை இழைக்கப்பட்டது. அதையொட்டிப் போடப்பட்ட விசாகா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளைக் கொடுத்தது. அவை சட்டமாக இன்னும் பதினாறு வருஷம் ஆயிற்று, 2013-ல்தான் வந்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் மூத்த பெண் ஒருவர் தலைவர். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை பிடிபட்டால் இரட்டிப்பு, லைசென்சுக்கும் ஆபத்து. இதைச் சொன்னதும் கூடத்தில் ஒரு சலசலப்பு. ஒருவர் எழுந்து, "எங்க கிட்ட ஏழு பேர்தாம்மா, அப்ப நாங்க தப்பிச்சோம்" என்றார்.

வக்கீலம்மா சிரித்தார். "சீசன்ல எத்தனை பேர்?"

"அப்ப ஒரு பதினஞ்சு வரும். அதெல்லாம் தினக்கூலி."

"தினக்கூலியும் கணக்குல உண்டு. கான்ட்ராக்ட் உண்டு, பயிற்சிக்கு வர்ற பிள்ளை உண்டு, சம்பளமே வாங்காம வர்றவங்களும் உண்டு. இப்ப சொல்லுங்க, எத்தனை பேர்?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொருவர் பெரிய மனுஷத்தனமாகக் கேட்டார். "எதுக்கும்மா குழு, விசாரணை எல்லாம்? நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசி, ஏதோ கொடுத்து முடிச்சிடலாமே?" நம் ஊர்ப் பஞ்சாயத்து வழக்கம் அது. அதற்கு வந்த பதிலை நான் டைரியில் எழுதி வைத்தேன். சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டால்தான் அதற்கு இடம். அப்போதும் பணத்தை வைத்து முடிக்கக் கூடாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். எழுதத் தெரியாத பெண்ணாக இருந்தால், குழுவில் இருப்பவர்களே எழுத உதவ வேண்டும். மனு எழுதத் தெரியாமல் அலுவலக வாசலில் நின்றவர்களை என் காலம் முழுக்கப் பார்த்தவன் நான். இந்த ஒரு விதியை எழுதியவரின் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றியது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். அறுபது நாற்காலி, அறுபதிலும் முதலாளி அல்லது மேனேஜர். வேலை செய்கிறவர் என்று சொல்ல, டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்த இரண்டு பெண்கள் மட்டும். கப்புகளை எடுத்துக்கொண்டு அவர்களும் உள்ளே போய்விட்டார்கள். யாருக்காகச் சட்டமோ அவர்கள் சமையல்கட்டில். யாருக்கு எதிராகச் சட்டமோ அவர்கள் நாற்காலியில்.

முதலாளிக்குத் தெரிந்தால் போதும், அவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லலாம். கொடைக்கானலில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. 1983-ல் இங்கே பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று வந்தது. பின்னால் அது ஹிந்துஸ்தான் யூனிலீவரிடம் போயிற்று. உடைந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001-ல் ஆலை மூடப்பட்டது. பாதரசத்தின் ஆபத்தைத் தங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பது அங்கே வேலை செய்தவர்களின் குறை. வேலையால் யார் உடம்பும் கெடவில்லை என்பது கம்பெனியின் நிலை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வருஷம் நடந்து, 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குக் கருணைத்தொகை கொடுப்பதாக உடன்பாடு ஆயிற்று.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987-ல், தொழிற்சாலைகள் சட்டத்தில் புதிதாக ஓர் அத்தியாயமே சேர்த்தார்கள். அபாயமான வேலை நடக்கும் ஆலையில், உடல்நலத்துக்கு வரக்கூடிய கேட்டையும் அதிலிருந்து தப்பும் வழியையும் தொழிலாளிக்கே சொல்ல வேண்டும் என்று அதில் விதி. அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் சொல்ல வேண்டும். பாதரச நஞ்சு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் இருந்தது. அந்த விதி புத்தகத்தில் இருந்த காலத்தில்தான் அந்த ஆலையும் ஓடியது. 'உனக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு' என்பதை யாராவது ஒருவர் ஷிப்டு முடிந்து வந்தவர்களைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லியிருந்தால், கேள்வி கேட்க 2001 வரை காத்திருந்திருப்பார்களா?

நான் பிறந்த ஊரில் நேர்மாறாக ஒன்று நடந்தது. 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளிகள் போனார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானது. நான் சிறுவனாக இருந்தபோது மில் வேலைக்காரர்கள் பலருக்குத் தமிழே எழுதத் தெரியாது. பிரெஞ்சு எங்கே தெரியப் போகிறது? ஆனால் எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆலைச் சங்கு ஊதிச் சொல்லிவிடும். அதற்கு மேல் ஐந்து நிமிஷம் நிற்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தெரிந்த சட்டம் அப்படித்தான் வேலை செய்யும்.

அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைதானார். பெயர் இங்கே வேண்டாம். அடுத்த வருஷம் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற, பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கத்துக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனிக்கும், துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே உலகத்தில் அதற்குப் பெயர். அதில் எனக்குப் பிடித்தது, பயிற்சி அதிகாரிகளோடு நிற்கவில்லை என்பது. தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் பயிற்சி. அவர்களிலிருந்தே சிலர் கண்காணிப்பாளர்கள். அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

கருத்தரங்கு முடிந்து வந்த வாரம், மாப்பிள்ளையும் நானும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினோம். கூலி எவ்வளவு, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், தொல்லை என்றால் யாரிடம் போவது. பூண்டு தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒட்டினோம். எட்டுப் பெண்கள் பார்த்தார்கள், மறுபடி பூண்டைப் பார்த்தார்கள். 'பார்த்தேன்' கையெழுத்துதான் பாக்கி. அதனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானே சத்தமாக வாசித்தேன். முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண், "தாத்தா, ஒரு வாரத்துக்கு மட்டும் கூலிக்கு வர்றவளுக்கும் இது உண்டா?" என்றாள். உண்டு என்றேன். "மேஸ்திரி கூட்டிட்டு வந்தாலுமா?" அதற்கும் உண்டு என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டாவது கேள்வி என் மனசை விட்டு இன்னும் போகவில்லை.

பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் குழு கிடையாது. மாவட்டத்து உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். கூக்காலில் இருந்து திண்டுக்கல் போய்வருவதென்றால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும். யார் போவார்கள்? ஆனால் சட்டத்தில் இதற்கும் வழி இருக்கிறது. கிராமப்புறத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தாலுகாவுக்கும் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகாரை வாங்கி ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இவர்களையெல்லாம் நியமித்து முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கண்டித்து உத்தரவே போட்டது.

ஆகவே நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஓர் அலுவலகத்தில் பேனா பிடித்தவர்கள். அடுத்த முறை பென்ஷன் விஷயமாகவோ பட்டா விஷயமாகவோ தாலுகா ஆபீஸ் போகும்போது, இந்தச் சட்டப்படி உங்கள் ஊருக்கு யார் பொறுப்பு அலுவலர் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரும் போன் நம்பரும் வாங்கி வாருங்கள். தெரியாது என்று சொன்னால் எழுதிக் கொடுத்து, அத்தாட்சிச் சீட்டு வாங்குங்கள். நமக்குத் தெரிந்த வித்தை அதுதானே? கிடைத்த நம்பரை உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், தோட்டத்துக்கு வருகிறவர்களுக்கும் வாசித்துச் சொல்லுங்கள். எழுதி ஒட்டினால் மட்டும் போதாது.

கொட்டகைத் தாளில் அந்த நம்பருக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை கொடைக்கானல் போகிறேன்.